பின்வரிசையிலிருந்து ஒரு ஏலேலோ

போன கிழமை குசினிக்குள் மூண்ட சண்டைக்குப் பிறகு இரத்தினேஸ்வரியும் மகள் நிஷாந்தினியும் நேருக்கு நேர் ஒரு சொல் கதைத்ததில்லை. எல்லாம் தம்பி லதீசன் வழியாகத்தான். ஒரே மேசையில், முழங்கை முட்டுகிற தூரத்தில் இருந்தாலும் அதே சட்டம்தான்.

“லதீசா, கொக்காட்டச் சொல்லு, தேத்தண்ணி ஆறுது.”

“அக்கா, தேத்தண்ணி ஆறுதாம்.”

“அம்மாட்டச் சொல்லு, சீனி காணாது.”

“அம்மா, சீனி காணாதாம்.”

“ஊதப் போற ஆளுக்கு இனிப்புக் கூடாது எண்டு சொல்லு. தொண்டையில சளி கட்டும்.”

லதீசன் பாண் துண்டைக் கீழே வைத்தான். “இஞ்ச பாருங்கோ ரெண்டு பேரும். எனக்குப் பசிக்குது. நான் சாப்பிட்டு முடியும் வரைக்கும் தபால் கந்தோர் பூட்டு.”

சண்டைக்குக் காரணமே இந்த நாள்தான். பெப்ரவரி நாலு, சுதந்திர தினம். பின்னேரம் உள்துறைமுக வீதிப் புல்வெளியில் பெரிய திறந்தவெளி இசை நிகழ்ச்சி. படைகள், பொலிஸ், மாவட்டத்து இளம் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்த கூட்டு இசைக்குழு. அதில் தனியாக எழும்பி நின்று ட்ரம்பெட் வாசிக்கிற வாய்ப்பு யாருக்கு? பகல் முழுக்க மருந்துக் கடையில் நின்று பனடோல் வெட்டிக் கொடுக்கிற நம்முடைய நிஷாந்தினிக்கு!

செய்தியை அவள் ஓடிவந்து சொன்னபோது இரத்தினேஸ்வரி தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். பாதி திருவின மூடியை அப்படியே வைத்துவிட்டு ஒன்றுதான் சொன்னாள்.

“அண்டைக்கு அந்த ஆக்களோட மேடையில ஏறுறதெண்டால் ஏறு. கைதட்ட என்னைத் தேடாத.”

இரத்தினேஸ்வரி சம்பூர்க்காரி. இரண்டாயிரத்து ஆறில், யுத்தத்துக்குள், மூன்று வயது நிஷாந்தினியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊரை விட்டு ஓடிவந்தவள். பிறகு காணி திரும்பக் கிடைத்தது, வீடு கிடைக்கவில்லை. கணவன் சிவபாதத்துக்குத் துறைமுகத்தில் வேலை இருந்ததால் திருகோணமலை ரவுணிலேயே தங்கிவிட்டார்கள். அவளைப் பொறுத்தவரை பெப்ரவரி நாலு என்பது வெளியில் தலை காட்டாத நாள். முதல் நாளே பாணும் பருப்பும் வாங்கி வைத்து, படலையைப் பூட்டி, ரேடியோவைக் கூட மெதுவாகப் போடுகிற நாள். செக்பொயின்ட் எல்லாம் எப்போதோ போய்விட்டது. பழக்கம் போகவில்லை.

நிஷாந்தினி வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பாவாடையும் போட்டு, ட்ரம்பெட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். ஒத்திகை மத்தியானமே தொடங்குகிறது.

“தம்பி, அம்மாட்டச் சொல்லு, போயிட்டு வாறன்.”

குசினியிலிருந்து பதில் வந்தது. “உறைப்பா ஒண்டும் சாப்பிட வேண்டாம் எண்டு சொல்லு லதீசா. சொண்டு எரியும்.”

லதீசனின் ஓட்டோ கடற்கரை வீதியில் ஏறியதும் நிஷாந்தினி முன்னுக்குச் சாய்ந்தாள்.

“டேய், எப்பிடியாவது அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா.”

“நானோ? அவவோ? அக்கா, அவவை விடக் கப்பலை இழுக்கலாம். அப்பாட்டக் கேள்.”

“விளையாடாத. எந்த மெட்டு வாசிக்கிறதெண்டு பேண்ட் மாஸ்டர் என்னையே எடுக்கச் சொன்னவர். நான் எடுத்தது அம்மாட மெட்டு. அவ வராட்டி நான் ஆருக்கு ஊதுறது?”

“அம்மாட மெட்டோ? எது?”

“வந்து கேள்.”

லதீசன் கண்ணாடியில் அக்காவைப் பார்த்தான். அவள் விரல்கள் பெட்டியின் மேலேயே சுரம் பிடித்துக்கொண்டிருந்தன. பள்ளம் வந்த இடத்தில் ஓட்டோவை மெதுவாக விட்டான்.

பின்னேரம் சிவபாதம் வெள்ளைச் சேட்டுக்கு இஸ்திரி போட்டு, இரண்டு தரம் தலை இழுத்து, மூன்றாம் தரம் கண்ணாடிக்கு முன்னால் நின்றார். துறைமுகத்துக்குள் வருகிற கப்பல்களுக்கு வழிகாட்டிகளை ஏற்றிப் போகிற படகு ஓடுகிறவர். எவ்வளவு பெரிய கப்பலுக்குப் பக்கத்திலும் பயமில்லாமல் போவார். மனிசிக்குப் பக்கத்தில் போகத்தான் கொஞ்சம் யோசிப்பார்.

“நீரும் வாருமன்.”

“நான் சொல்லிப்போட்டன்.”

“நீர் வராட்டி நானும் போகேல்ல.”

“சரி, நில்லுங்கோ.”

“இல்ல… பிள்ளை பாவம். நான் போறன்.”

“போங்கோ.”

அவர் போனார். படலைக்கு வெளியே அடுத்த வீட்டு ஸல்ஹா ஒரு கையில் பிளேன்டீ பிளாஸ்கும் மறு கையில் ரோல்ஸ் டப்பாவுமாக நின்றாள். சிவபாதம் அவளைப் பார்த்துக் கண்ணால் ஏதோ சொன்னார். ஸல்ஹா தலையாட்டிவிட்டு உள்ளே வந்தாள்.

“ரத்தினக்கா, எங்கட மனுசன் கிண்ணியால நிக்காரு. தனிய போக ஏலாது. துணைக்கு வாங்களேன்.”

“எனக்கு விருப்பமில்ல ஸல்ஹா.”

“நீங்க பாட்டுக் கேக்க வேணாம். எனக்குப் பக்கத்துல இருந்தாச் சரி. காதைப் பொத்திட்டு இரிங்க.”

இரத்தினேஸ்வரி கொஞ்சம் யோசித்தாள். “உமக்குத் துணை எண்டால் வரத்தானே வேணும்.”

“என்ன அக்கா, தலையெல்லாம் இழுத்துப் பூவும் வெச்சாச்சு?”

“அது… காத்துக்குக் கலையும் எண்டு இழுத்தனான்.”

“பூவும் காத்துக்குத்தானா?”

“இப்ப வாறீரோ, இல்லையோ?”

வெளிக்கிடும்போது அவள் எடுத்த பையைப் பார்த்து ஸல்ஹா மலைத்துப் போனாள். வீட்டில் எல்லாருடைய அடையாள அட்டை, டோர்ச், தண்ணிப் போத்தல், பிஸ்கட், பனடோல், ஒரு மாற்றுச் சீலை.

“அக்கா, நாம பாட்டுக் கச்சேரிக்குப் போறம். அகதி முகாமுக்கு இல்ல.”

“எனக்குத் தெரியும். சும்மா கிடக்கட்டும்.”

புல்வெளியில் சனம் நிரம்பி வழிந்தது. ஐஸ்பழக்காரன் மணி அடித்தான். பிள்ளைகள் குச்சிக் கொடியை வைத்து வாள் சண்டை பிடித்தார்கள். துறைமுகத் தண்ணீர் பின்னேர வெயிலில் தகதகத்தது.

ஆனால் ஒரு விசித்திரம். மேடைக்கு முன்னால் வெள்ளை உறை போட்ட கதிரைகள் வரிசை வரிசையாக வெறுமையாகக் கிடந்தன. சனம் எல்லாம் கடைசி வரிசைகளில் நெருக்கிக்கொண்டு நின்றது. “முன்னுக்கு வந்து இருங்க” என்று ஒலிபெருக்கி மூன்று மொழியிலும் கெஞ்சியது. ஒருவரும் அசையவில்லை. முன்னுக்கு இருப்பது பெரியாக்கள். அந்தப் பெரியாக்களோ வேறு ஒரு விழாவில் மாட்டுப்பட்டு வருவதாகக் கேள்வி.

ரவுணுக்குள் மாடு மாதிரித் திரிகிற மான்கள்தான் பயமில்லாமல் முன்னுக்குப் போயின. ஒரு மான் பிரதம விருந்தினரின் சோபாவில் கட்டியிருந்த பூமாலையை ஆறுதலாகத் தின்றது.

“அதுக்கு அழைப்பிதழ் கிடைச்சிருக்கு போல” என்றான் ஓட்டோவை நிற்பாட்டிவிட்டு வந்த லதீசன். அம்மாவைக் கண்டதும் அவன் வாய் பிளந்தது. “அம்மா! வந்திட்டீங்களோ!”

“ஸல்ஹாவுக்குத் துணையா வந்தனான்.”

“முன்னுக்குப் போவம் வாங்கோ. அக்கா தேடுவா.”

“முன்னுக்கு இருந்தால் ஏதும் நடந்தால் எப்பிடி வெளியால வாறது? இதுதான் வசதி.”

அவள் தெரிந்தெடுத்த இடம் கடைசி வரிசையில் கடைசிக் கதிரை. பக்கத்திலேயே வீதி. பின்னால் புல்லில் சல்லிக் கிராமத்திலிருந்து லொறியில் வந்த கடற்கரைச் சனம் குடும்பம் குடும்பமாகக் குந்தியிருந்தது. சிவபாதம் மனிசிக்குப் பக்கத்தில் இருந்து ஒன்றும் நடக்காத மாதிரிக் கடலைப் பார்த்தார். ஸல்ஹா எல்லாருக்கும் பிளேன்டீ ஊற்றினாள்.

தேசிய கீதம் சிங்களத்தில் ஒலித்தது, பிறகு தமிழில். எல்லாரும் எழும்பினார்கள். இரத்தினேஸ்வரியும் எழும்பினாள், பையை நெஞ்சோடு அணைத்தபடி. முடிந்ததும் முதல் ஆளாகக் கதிரையில் இருந்தாள்.

பள்ளிப் பிள்ளைகளின் நடனம், பொலிஸ்காரரின் கூட்டுப் பாட்டு என்று நிகழ்ச்சி களை கட்டியது. துள்ளல் பைலாப் பாட்டு ஒன்று வந்தபோது ஸல்ஹாவின் கால் தாளம் போட்டது. இரத்தினேஸ்வரி அந்தக் காலை முறைத்துப் பார்த்தாள்.

“நான் போடல்ல அக்கா. கால்தான் போடுது.”

பிறகு அறிவிப்பாளரின் குரல். “அடுத்து, கிழக்கின் நாட்டார் மெட்டு ஒன்று. ட்ரம்பெட், செல்வி நிஷாந்தினி சிவபாதம்.”

சிவபாதம் தன் பெயரைக் கேட்டதும் கதிரையில் நிமிர்ந்தார்.

மேடையில் நிஷாந்தினி எழும்பி நின்றாள். அவளுக்கு முன்னால் தெரிந்ததெல்லாம் வெறும் வெள்ளைக் கதிரைகள். பூத்தின்னுகிற ஒரு மான். அதற்கும் அப்பால், வெகு தூரத்தில், சூரியன் கண்ணைக் கூச வைக்கிற திசையில், முகமில்லாத ஒரு கூட்டம். அம்மா அங்கே இருக்கிறாளா, படலையைப் பூட்டிக்கொண்டு வீட்டில் இருக்கிறாளா? தெரியவில்லை. சொண்டு காய்ந்துவிட்டது. நாக்கால் தடவினாள். திரும்பவும் காய்ந்தது.

பக்கத்தில் இருந்த மற்ற ட்ரம்பெட்காரன், கிண்ணியா ஜெமீல், கிசுகிசுத்தான். “ஏலாட்டிச் சொல்லுங்க. நான் எடுத்து வாசிக்கன்.”

“வேண்டாம்.”

வெள்ளைச் சீருடையில் நின்ற பேண்ட் மாஸ்டர் கோலைத் தூக்கினார். அவள் மூச்சை இழுத்து ஊதினாள்.

முதல் சுரம் தண்ணீருக்கு மேலால் நீளமாகப் போனது.

கடைசி வரிசையில் இரத்தினேஸ்வரியின் கையிலிருந்த பிளேன்டீ அசையாமல் நின்றது.

அது அம்பா. கரைவலை இழுக்கிற பாட்டு. ஒருவர் முதலடியைத் தூக்கிக் கொடுக்க, கயிற்றைப் பிடித்திருக்கிற அத்தனை பேரும் பதில் சொல்லி ஒரே மூச்சில் இழுப்பார்கள். துணி தோய்க்கும்போதும், பிள்ளையை நித்திரையாக்கும்போதும் இரத்தினேஸ்வரி முணுமுணுக்கிற மெட்டு அதுதான். தான் முணுமுணுப்பது அவளுக்கே தெரியாது. மகளுக்குத் தெரிந்திருந்தது.

ட்ரம்பெட் முதலடியைத் தூக்கிக் கொடுத்து நின்றது. ஏற்பாட்டின்படி பதிலை ட்ரொம்போன்காரர்கள் ஊத வேண்டும். அவர்கள் வாயில் வைக்க முந்தி, பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல் பெரிதாக எழும்பியது.

“ஏலே… ஏலேலோ!”

சிவபாதம் திரும்பிப் பார்த்தார். ஸல்ஹா திரும்பிப் பார்த்தாள். இரத்தினேஸ்வரி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். பிளேன்டீ முழுக்க சிவபாதத்தின் வெள்ளைச் சேட்டில்.

“நீரோ!”

“எனக்குத் தெரியாது! தானா வந்திட்டுது!”

அந்தக் கடற்கரைச் சனத்துக்கு அம்பா என்றால் கேட்டுக்கொண்டிருக்கிற பாட்டு இல்லை. முதலடி காதில் விழுந்தால் பதில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கயிறு தளர்ந்துவிடும். அது வாத்தியமா, வாயா என்று யார் பார்த்தார்கள்? நிஷாந்தினி இரண்டாம் அடியை ஊதியபோது சல்லிச் சனம் முழுக்க ஒரே குரலில் பதில் சொன்னது. அவர்களின் தலையாள் சுகிர்தன் எழும்பி நின்று இல்லாத கயிற்றை இழுக்கவே தொடங்கிவிட்டான்.

ட்ரொம்போன்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்து வாத்தியத்தைக் கீழே இறக்கினார்கள். பேண்ட் மாஸ்டரின் கோல் அந்தரத்தில் நின்றது.

அதோடு முடிந்ததா? ஏற்பாட்டின்படி மெட்டு இரண்டு அடியோடு நிற்க வேண்டும். ஆனால் கரைக்கு வலையின் மடி கிட்ட வரும்போது வேகமாகப் பாடுகிற மூன்றாம் அடி ஒன்று உண்டு. அதைப் பாடாமல் எந்தக் கரையிலும் வலை ஏறியதில்லை. சனம் தன்பாட்டில் அந்த அடிக்குள் இறங்கிவிட்டது.

நிஷாந்தினி பேண்ட் மாஸ்டரைப் பார்த்தாள். பின்வரிசையைப் பார்த்தாள். அந்தக் கூட்டத்துக்குள் கேட்ட முதல் குரல் யாருடையது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சனத்தின் பக்கம் திரும்பி, அவர்களுடைய வேகத்துக்கே ஊதினாள். மேளக்காரர் அதைப் பிடித்துக்கொண்டார். ஜெமீல் எழும்பி நின்று கூட ஊதினான்.

முடிந்தபோது மான்கள் ஓடிவிட்டன. கைதட்டல் ஓயவில்லை.

ஆனால் பேண்ட் மாஸ்டர் மேடையால் இறங்கினார். வெறுங்கதிரைகளுக்கு நடுவால், வெள்ளைச் சீருடையில், நேராகப் பின்வரிசையை நோக்கி நடந்து வந்தார்.

பின்வரிசைக்காரர் ஒருவருக்குப் பின்னால் ஒருவர் ஒதுங்கினார்கள்.

அவர் வந்து நின்று, தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில் கேட்டார். “யாரு முதல் பாடினது?”

சீருடை போட்டவர் ஒருவர் ‘யாரு’ என்று கேட்டால் இந்தச் சனத்துக்கு ஒரே பதில்தான். அது எத்தனை வருசம் போனாலும் மறக்காது.

“தெரியாது சேர்.”

“நாங்க இப்பதான் வந்தனாங்கள் சேர்.”

“நாங்க கடலை சாப்பிட்டுக்கொண்டிருந்தனாங்கள் சேர்” என்றான் சுகிர்தன், இல்லாத கயிற்றைப் பிடித்த கை இன்னும் நீட்டியபடி.

பேண்ட் மாஸ்டர் சிவபாதத்தின் சேட்டைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்த மனிசியைப் பார்த்தார்.

“இவவோ? சேச்சே!” என்றார் சிவபாதம். “இவவுக்குத் தொண்டை ஏலாது சேர். கதைக்கவே மாட்டா.”

“ஓம் சேர், ஊமை” என்று ஸல்ஹாவும் அவசரப்பட்டுச் சேர்த்துவிட்டாள்.

இரத்தினேஸ்வரி பையை ஸல்ஹாவின் மடியில் வைத்தாள். எழும்பினாள். நேராக நின்றாள்.

“நான்தான்.”

லதீசன் அம்மாவின் சீலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தான்.

“நான்தான் பாடினனான். பிள்ளையில பிழை இல்ல. ஏசுறதெண்டால் என்னை ஏசுங்கோ.”

பேண்ட் மாஸ்டர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்தார். “ஏசுறது இல்ல அம்மா. அந்த மூணாவது வரி… எங்கட்ட இல்ல. அது எனக்கு மிச்சம் புடிச்சிது. திரும்ப ஒருக்கா வாசிக்கப் போறம். நீங்க மேடைக்கு வந்து பாடுங்க.”

பின்வரிசை முழுக்க ஒரே நேரத்தில் மூச்சு விட்டது.

“அக்கா, போங்க!” என்றாள் ஸல்ஹா.

“பொறும்.” இரத்தினேஸ்வரி அசையவில்லை. “கிழக்கின் மெட்டு எண்டு மைக்கில சொன்னியள். கிழக்கில எவ்வளவு ஊர் கிடக்கு! இது சம்பூர் அம்பா. ஊர்ப் பேரைச் சொன்னால் பாடுறன். சொல்லாட்டி நான் இந்தக் கதிரையிலயே இருக்கிறன்.”

சுகிர்தனுக்குப் பொறுக்கவில்லை. “என்னக்கா நீங்க! சல்லியிலயும் இதைச் சொல்லித்தானே இழுக்கிறம்!”

“உங்கட இழுவை வேற தம்பி. சும்மா இரும்.”

பேண்ட் மாஸ்டர் சத்தமாகச் சிரித்தார். “சரி, சம்பூர். நானே சொல்றன்.” அவள் மேடைப் பக்கம் திரும்பி நடந்ததும், போகிற போக்கில் சிவபாதத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். “மகள் எங்கட பேண்டுல சேரக் கொழும்புக்கு வாரது எங்களுக்கு மிச்சம் சந்தோஷம்.”

“ஓம் ஓம், சந்தோசம்” என்று சிவபாதமும் குலுக்கினார்.

இரத்தினேஸ்வரி கதிரைகளுக்கு நடுவால் நடந்தாள். அவள் போகப் போக, பின்னால் இருந்த சனமும் ஒவ்வொருவராக எழும்பி அவள் பின்னாலேயே முன்னுக்கு வந்தது. வெள்ளைக் கதிரைகள் நிரம்பின. சுகிர்தனின் குடும்பம் பிரதம விருந்தினரின் சோபாவிலேயே நெருக்கி இருந்துகொண்டது.

மேடையில் பேண்ட் மாஸ்டர் மைக்கைப் பிடித்தார். “அடுத்து… சம்பூர் அம்பா.”

அந்தப் பெயர் துறைமுகத்துக்கு மேலால் போய், அக்கரையில் இருக்கிற சம்பூர் வரைக்கும் கேட்டிருக்கும். சனத்துக்குள் எங்கேயோ ஒரு ஆம்பிளை விசிலடித்தான். அவனும் சம்பூரானாகத்தான் இருக்க வேண்டும்.

படியில் நிஷாந்தினி கை நீட்டிக்கொண்டு நின்றாள். கண் கலங்கியிருந்தது. இரத்தினேஸ்வரி அந்தக் கையைப் பிடித்து ஏறினாள். ஒரு கிழமைக்குப் பிறகு நேராக மகளின் முகத்தைப் பார்த்தாள்.

“முதலடியைக் கொஞ்சம் இறக்கிப் பிடி பிள்ளை. அவ்வளவு மேல எனக்கு ஏலாது.”

“சரி அம்மா.”

“அழாத. அழுதுகொண்டு ஊதேலாது.”

கீழே முன்வரிசையில், தேத்தண்ணிச் சேட்டோடு இருந்த சிவபாதத்தின் சிரிப்பு மெல்ல மெல்லச் சுருங்கியது.

“லதீசா.”

“என்னப்பா?”

“அந்த மனுசன் என்ன சொன்னவர்? கொழும்போ?”

லதீசன் மேடையைப் பார்த்தான். “எனக்கும் அப்பிடித்தான் கேட்டுது.”

“எந்தப் பேண்டடா? ஆர் அனுப்பினது? கொம்மாவுக்குத் தெரியுமோ?”

ட்ரம்பெட் எழும்பியது. இரத்தினேஸ்வரி கண்ணை மூடிக் குரலைத் தூக்கினாள். புல்வெளி முழுக்க, ஐஸ்பழக்காரன் உட்பட, ஏலேலோ சொன்னது. சிவபாதத்தின் வாய் மட்டும், சத்தம் வராமல், திறந்தபடியே நின்றது.